அப்துல் கலாம் கற்ற வித்தை

டாக்டர் அப்துல் கலாமைப் பற்றி நம் ஜனங்கள் அறிந்திருப்பது ஏராளம். படகுக்காரரின் மகன் என்பதும், சிறு வயதில் பத்திரிகைக் கட்டுச் சுமந்தவர் என்பதும், ராஷ்டிரபதி பவனத்தில் ஐந்து வருஷம் வீற்றிருந்தவர் என்பதும், பிள்ளைகளைக் கனவு காணச் சொன்னவர் என்பதும் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஆயினும், நாற்பது வருஷங்களுக்கு மேல் அவர் செய்துவந்த தொழில் என்ன, அத்தொழிலில் அவர் கற்ற வித்தை என்ன என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர் மிகச் சிலரே. ஏவுகணை செய்தவர் என்பார்கள். அது பாதி உண்மை. இயற்கையின் புதிய தத்துவம் எதையும் கண்டுபிடித்த விஞ்ஞானி அல்லர் அவர். பல ஊர்களில், பல கைகளால், பல காலங்களில் செய்யப்பட்ட பல்லாயிரம் உறுப்புக்களை ஓருடலாக்கி, அது சொன்ன வேலையைச் செய்யும்படியும், யாரையும் கொல்லாமலிருக்கும்படியும் பார்த்துக்கொள்வதே அவருடைய வித்தை.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சக்கரம் உறுதியானது, அச்சு உறுதியானது, வடம் புதியது, இழுப்பவர்களோ ஆயிரம் பேர். ஆயினும், தேர் நிலைக்கு வந்து சேர்வது முட்டுக்கட்டை போடுகிறவன் கையில் இருக்கிறது. சக்கரத்தை மட்டும் பார்த்தால் அவனுக்குப் போதாது. வடம் பிடித்தவர்களின் வேகமும், வீதியின் சரிவும், மேலே அசைகிற கலசத்தின் சாய்வும் ஒரே கணத்தில் அவன் மனத்தில் இருக்க வேண்டும். ஆகாய விமானமும் இவ்வாறே. இறக்கை செய்தவன் தன் இறக்கை பழுதற்றது என்பான். எஞ்சின் செய்தவன் தன் எஞ்சின் பழுதற்றது என்பான். இருவர் சொல்வதும் மெய்யாயிருந்தும் விமானம் விழலாம். அபாயம் ஒளிந்திருக்கும் இடம் பல சமயங்களில் அங்கமும் அங்கமும் சேரும் மூட்டேயாகும். முழுமையையும் மூட்டுகளையும் விடாமல் நோக்கும் இம்முறையை இக்காலத்து யந்திர நூலார் அமைப்புச் சிந்தனை என்று வழங்குகிறார்கள். கலாமின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து படித்தால்தான் அதன் சாரம் புலப்படும்.

1931-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி ராமேசுவரத்தில் அவர் பிறந்தார். அவருக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தை ஜெயினுலாப்தீன், உறவினர் ஜலாலுத்தீனுடன் சேர்ந்து, ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களைக் கொண்டுபோக ஒரு மரப் படகு கட்டலானார். பலகைகளை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்துவதும், உட்சுவர்களை அடைப்பதும், ஒன்றோடொன்று இசைவதும் சிறுவனின் கண்முன் நடந்தன. பின்னொரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோயிற்று. கடற்கரைக்காரனுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லாமலே வந்துவிடுகிறது. எத்தனை பலகை நன்றாயிருந்தாலும், இரண்டு பலகைகளுக்கு நடுவேதான் தண்ணீர் புகும் என்பதே அது.

பஞ்சாயத்துப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று கண்டதும், வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறக்கும் பறவையின் இறக்கை எப்போது அடிக்கிறது, வால் எப்போது திரும்புகிறது, உடல் எப்போது சாய்கிறது என்று நேரே காட்டினார். பலகையில் இறக்கை வேறு, வால் வேறு. கடற்கரையிலோ பறவை ஒன்றே. விமானக் கலையில் தம் மனம் பதிந்தது அன்றுதான் என்று கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்ததுண்டு. யுத்தம் மூண்டு, ராமேசுவரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பது நின்றுபோன காலத்தில், ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. தினமணிக்கு அவ்வூரில் இருந்த கிராக்கி அதிகம். ஜலாலுத்தீன் சொல்லும் யுத்தக் கதைகளைச் சிறுவன் பிறகு அதன் தலைப்புக்களில் தேடிப் பார்ப்பான். பத்திரிகைத் தொழிலிலுள்ள நமக்கு இதில் கொஞ்சம் கர்வம் ஏற்பட்டால் நேயர்கள் மன்னிப்பார்களாக.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்தரப் பாடசாலை, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரி இவற்றைக் கடந்து, சென்னை குரோம்பேட்டையில் 1949-ல் ஸி. ராஜம் நிறுவிய தொழில்நுட்பக் கழகத்தில் விமானக் கலை பயிலச் சேர்ந்தார். கல்லூரிப் பணத்துக்காகத் தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அக்கல்லூரியில் நடந்த இரண்டு காரியங்கள் குறிப்பிடத் தக்கவை.

முதலாவது, படிப்பின் முடிவில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து, தாழப் பறந்து தாக்கும் ஒரு போர் விமானத்தைத் திட்டமிட வேண்டியிருந்தது. காற்றோட்டத்துக்கு ஏற்ற உருவம் கலாமின் பங்கு. எஞ்சின், உடற்கட்டு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்ற நால்வரின் பங்கு. வேலை மந்தமாய் இருப்பதைக் கண்ட தலைவர் பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாதம் கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் கொடுத்தார். திங்கட்கிழமை காலை உருவப்படம் மேஜைக்கு வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவுபகலாய் இருந்து முடித்தார். இதை விடாமுயற்சிக்கு உதாரணமாக எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. உருவம் வராமல் உடற்கட்டுக்காரன் கணக்குப் போட முடியாது. அது வராமல் எஞ்சினுக்கு இடம் தெரியாது. ஒருவனுடைய தாமதம் ஐவருடைய தாமதமாகும். பேராசிரியரின் கோபம் ஒரு மாணவனைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் காரணம் இந்தப் பின்னலே ஆகும்.

இரண்டாவது, கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டவேண்டும் என்னும் கருத்துப்பட அவர் தமிழில் ஒரு கட்டுரை எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானக் கலையைத் தமிழில் எழுத முடியுமா என்று இன்னும் ஐயுறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின்பு பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி. அங்கே அவருக்குக் கிடைத்தது ஓடிக் களைத்த எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடி பூட்டும் வேலை. புது யந்திரம் கட்டுகிறவனுக்குத் தெரியாத பல விஷயங்கள் பழைய யந்திரத்தைப் பிரிக்கிறவனுக்குத் தெரியும். எது தேய்கிறது, எது முறுக்கிக்கொள்கிறது, ஒன்றின் தேய்வு எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரிந்துவிடும். விமானியாக வேண்டுமென்ற ஆசையோடு டேராடூனுக்குப் போனார். தேர்வுக்கு வந்த 25 பேரில் அவர் 9-வதாக வந்தார். எடுக்கப்பட்டவர் 8 பேர். மனம் உடைந்தவராய் ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைக் கண்டார். 1958-ல் பாதுகாப்பு இலாகாவின் விமான உற்பத்திப் பிரிவில், 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் உத்தியோகம் ஏற்றார்.

அவ்விலாகா அவரைக் கான்பூருக்கு அனுப்பியது. அக்காலத்தில் அங்கே இங்கிலாந்தில் உருவான நாட் என்னும் சிறு போர் விமானத்தை உஷ்ண தேசப் பரீக்ஷைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தார்கள். குளிர் நாட்டில் பழுதறப் பறந்த யந்திரம் கான்பூர் வெயிலிலும் புழுதியிலும் அப்படியே பறக்கும் என்று கொள்வதற்கில்லை. எண்ணெய் இளகும், ரப்பர் இறுகும், காற்று மெலிந்து இறக்கைக்குத் தாங்கல் குறையும், விமானியின் கையே வியர்வையில் வழுக்கும். அந்த விமானத்தின் உள்ளமைப்புக்கள் வேலை செய்யும் விதத்தை மதிப்பிடுவதில் கலாம் பங்கு கொண்டார். விமானத்தின் முழுமை என்பது அதன் வாலோடு முடிந்துவிடுவதில்லை. அது பறக்கும் வானமும், அதைத் தொடைத்து எண்ணெய் போடும் தொழிலாளியும், அதை ஓட்டும் மனிதனும் அந்த முழுமையில் சேர்ந்தவர்களே. இளம் இஞ்சினீயருக்கு இது கான்பூர் கொட்டகையில் கிடைத்த கல்வி.

அடுத்து பெங்களூரில், தரையிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் காற்று மெத்தையின்மேல் செல்லும் வாகனம் ஒன்றை, நந்தி என்ற பெயரில், சிறு குழுவோடு கட்டி முடித்தார். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் அதில் ஏறி, கலாமே ஓட்டப் பிரயாணம் செய்தார். மேனன் 1962-ல் பதவியிலிருந்து விலகியதும் நந்தி மூலையில் கட்டப்பட்டது. யந்திரம் என்னவோ ஓடியது. அதை யார் உபயோகிப்பார், யார் பணம் கொடுப்பார், எந்தச் சேனைக்கு அது தேவை என்ற கேள்விகளுக்கு மட்டும் விடை இல்லை. ஒரு மனிதரின் ஆதரவைத் தவிர வேறு தாங்கல் இல்லாத திட்டம், அவர் போனதும் போயிற்று.

கேரளக் கரையில் தும்பா என்னும் மீனவர் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைந்தபோது, உறுப்புக்களை ஒன்றுசேர்ப்பதும் பாதுகாப்பும் ஆகிய இரண்டும் கலாமின் பொறுப்பாக ஒப்புவிக்கப்பட்டன. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தது நல்ல யோசனை. ஏனெனில் அவை ஒரே காரியத்தின் இரு பெயர்கள். 1963-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டை ஏவுபீடத்தில் ஏற்றும் சமயத்தில் பளுத்தூக்கியில் எண்ணெய் கசிந்து அது சாயத் தொடங்கியது. எல்லோருமாகத் தோள் கொடுத்து ராக்கெட்டை நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க ராக்கெட்டில் ஒரு குறையுமில்லை. அதைத் தூக்கிய கருவியில் குறை.

அடுத்த வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு அவருடைய சொந்தக் கரையில் நேர்ந்த கதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் வண்டியைப் புயலோடு எழுந்த கடல், ஊர் சேரும் தருணத்தில் விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளில் ஒருவரும் தப்பவில்லை. 1914-ல் திறக்கப்பட்டு ஐம்பது வருஷம் நின்ற பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் கடலுக்குள் போயின. கப்பலுக்கு வழிவிடத் தூக்கப்படும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. கடலில் விழுந்த தூலங்களைத் தேடி எடுத்து, இஞ்சினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தியது நம் தேசத்துத் தொழில் வரலாற்றில் ஒரு பெருமை. ஆனால் வண்டியின் கதை வேறு. வண்டியில் பழுதில்லை; எஞ்சினில் பழுதில்லை. கடலில் நடப்பது ஒன்று, தண்டவாளத்தில் நடப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்து, வண்டியை நிறுத்து என்று சொல்லும் இடம் அன்றிரவு இல்லாமற் போயிற்று.

இனி, கலாமின் வாழ்க்கையில் மையமான நிகழ்ச்சிக்கு வருவோம். எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட், சிறிய செயற்கைக் கோள் ஒன்றை வான மண்டலத்தில் நிறுத்துவதற்கென்று திட்டமிடப்பட்டது. கலாம் அதன் திட்ட இயக்குநர். நான்கு அடுக்கு, 17 டன் எடை, 44 பெரிய அமைப்புக்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புக்கள். தேசமெங்கும் சிதறிக் கிடந்த தொழிற்சாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளும் இவற்றைச் செய்தன. இத்தனையையும் ஒரு மனிதன் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. யார் எதற்குப் பொறுப்பு, எந்த உறுப்பு மாறினால் எவரெவருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பரீக்ஷை முடிந்தபின் எது தொடங்கலாம் என்று வரம்பு கட்டுவதே தலைவனுடைய வேலை.

அவ்வேலை இரத்தம் சிந்தாமல் நடந்துவிடவில்லை. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தரையில் பரீக்ஷை செய்தபோது ஒரு வால்வு கட்டளைக்கு இணங்கவில்லை. என்னவென்று பார்க்கக் குழுவினர் அருகே போனார்கள். நைட்ரிக் திராவகம் நிறைந்த கலம் வெடித்து ஆறு பேர் கொடிய புண் பட்டனர். கலாம் அவர்களைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், படுக்கை கொடுக்கும்படி மன்றாடினார். யந்திரம் முரண்டு பிடிக்கும்போது அருகே போகத் தூண்டும் ஆவல் இஞ்சினீயரின் இயற்கை. அந்த ஆவலுக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்க வேண்டும் என்பதைத் தழும்புகள் கற்பித்தன.

1979-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவத் தயாராக நின்றது. ஏவுதலுக்கு எட்டு நிமிஷத்துக்கு முன் கட்டளை பெற்ற ஒரு வால்வு, அழுக்கு அடைத்ததால் மூடாமல் நின்றது. இரண்டாம் அடுக்கைத் திருப்புவதற்கான திராவகம் ஒழுகத் தொடங்கிற்று. கடைசி நிமிஷங்களில் கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்தியது. நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். ஒழுகியது போக மிச்சமிருப்பது போதும் என்று தங்கள் கணக்கைச் சொன்னார்கள். முடிவு கலாமின் கையில் இருந்தது. அவர் கம்ப்யூட்டரின் தடையை மீறி ஏவச் சொன்னார். முதல் அடுக்கு குறையின்றி எரிந்தது. இரண்டாம் அடுக்கு தறிகெட்டது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து, வருஷக்கணக்கான உழைப்பு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோ மீட்டருக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

கலாமின் புகழ் பாடுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். நாம் இங்கே நிற்க விரும்புகிறோம். நிபுணர்கள் பொய் சொல்லவில்லை. தத்தம் அங்கத்தைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கு நேர்மையானதே. ஆயின், இத்தனை ஒழுகியது என்று அளந்தார்களே தவிர, இது ஏன் ஒழுகுகிறது, இன்னும் எதுவரை ஒழுகும் என்ற கேள்வியை அந்த நெருக்கடியில் இறுகப் பிடிக்கவில்லை. முழுமையைக் காக்க நியமிக்கப்பட்டவர், தேசமே காத்திருக்கிறது என்ற பரபரப்பில், முழுமையின் சார்பாகப் பேசிய ஒரே குரலை அடக்கிவிட்டார். அக்குரல் ஒரு யந்திரத்தின் குரலாக இருந்தது. கலாம் இதை மறைக்கவில்லை. பின்னர் விஞ்ஞானிகள் கூடிய பரிசீலனைக் கூட்டத்தில் எழுந்து நின்று பொறுப்பைத் தம்மேல் ஏற்றார். சாகுமட்டும் அக்கதையை மாணவர்களிடம் சொல்லி வந்தார். விண்வெளி ஸ்தாபனத் தலைவர் ஸதீஷ் தவனோ, பத்திரிகைக்காரர்கள் முன் தாமே நின்று தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். 1980-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அதே ரக ராக்கெட் ரோகிணியை வான மண்டலத்தில் நிறுத்தியபோது, பத்திரிகைக்காரர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். தவன் செய்ததை வெறும் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளலாகாது. தவறைச் சொன்னவன் தண்டிக்கப்படும் இடத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறுதான் ஆளைக் கொல்லும். தண்டனைக்கு அஞ்சாத சபையில்தான் வால்வின் அழுக்குவரை உண்மை வெளிவந்தது. கட்சிகளையும் சங்கங்களையும் நடத்துகிற நண்பர்கள் தங்கள் செயற்குழுவின் நடவடிக்கைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1982-ல் ஹைதராபாத் சென்றதும், பிருதிவி, அக்னி முதலிய ஏவுகணைகள் எழுந்ததும், 1998-ல் பொக்ரான் பரீக்ஷையில் முன்நின்றதும் யாவரும் அறிந்தவை. 1989-ல் அக்னியின் முதல் ஏவுதல் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. கலாம் இம்முறை அவசரப்படவில்லை. மே 22-ந் தேதி அது எழுந்தது.

விமானத்தில் தொடங்கிய வாழ்க்கை விமானத்துக்கே திரும்பியது. 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைவராக இருந்தபோது, பின்னர் தேஜஸ் என்று பெயர் பெற்ற இலகு ரகப் போர் விமானம் அவருடைய துறையின் நிழலில் வளர்ந்தது. அதைக் கட்டியவர்கள் பெங்களூரில் டாக்டர் கோட்டா ஹரிநாராயணாவின் தலைமையில் உழைத்தவர்கள். அது தன்னால் நிலைத்துப் பறக்காத விமானம். வளைந்து திரும்பும் வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தால்தான் அது வானில் நிற்கும். ஆகையால், ஒன்று தவறினால் மற்றவை அதை ஒதுக்கிவிடும்படி, கட்டுப்பாடு நான்கு வழிகளாக வைக்கப்பட்டிருக்கிறது. பொக்ரானுக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால், அங்கே இவ்வேலையில் இருந்த நம்மவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிச்சத்தை இங்கேயே முடித்தார்கள். 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி விமானம் முதன்முறை பறந்தது. அன்று முதல் 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே ஒன்று விழும்வரை, இருபத்து மூன்று வருஷம் அந்த ரகத்தில் ஒன்றும் விழவில்லை. 2025 நவம்பரில் துபாயில் இன்னொன்று விழுந்து விமானி மாண்டார்.

குறையையும் சொல்லவேண்டும். இவ்விமானத்துக்கென்று தொடங்கிய காவேரி எஞ்சின் உரிய காலத்தில் தேறாமல், 2008-ல் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினாலேயே பறக்கிறது. புது உடல், புதுக் கட்டுப்பாடு, புது எஞ்சின் மூன்றையும் ஒரே சமயத்தில் ஒரே யந்திரத்தில் முடிச்சுப் போட்டது அளவுக்கு மீறிய ஆசை என்பதே நம் அபிப்பிராயம். ஒன்று தாமதித்தால் ஐந்தும் தாமதிக்கும் என்பதைக் குரோம்பேட்டையில் அனுபவித்தவர் தலைமை வகித்த துறையில் இது நேர்ந்தது. அவர் ஒருவர்மீது இப்பழியைச் சுமத்துவது நியாயமாகாது. திட்டம் தொடங்கியது அவர் பதவிக்கு வருமுன்னர். ஆயினும், ஏழு வருஷம் தலைமைப் பீடத்தில் இருந்தவருக்கு அதில் பங்கில்லை என்று சொல்லுவதும் நியாயமாகாது.

2006-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, ஜனாதிபதி கலாம், தம் எழுபத்து நான்காம் வயதில், புனா விமான தளத்திலிருந்து ஸுகோய்-30 போர் விமானத்தில் விமானியோடு ஏறிப் பறந்தார். டேராடூனில் தவறிய இடம் அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது. 2015-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கையில் சாய்ந்தார். மூன்றாம் நாள் ராமேசுவரம் தீவில் பேய்க்கரும்பு என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தேஜஸ் விமானங்கள் இந்திய ஆகாயப் படையில் முதன்முறை சேர்ந்தது அதற்குப் பதினோரு மாதம் கழித்து, 2016-ம் வருஷம் ஜூலை முதல் தேதி.